புதன்கிழமைச் சங்கு

மூடிய எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையை அருங்காட்சியகமாக்கிவிட்டார்கள். வாசலில் ஓர் இயந்திரம், செத்துப்போன ஆபரேட்டர் தேவசகாயத்தின் குரலிலேயே வரலாறு சொல்கிறது: "முப்பது வருஷம் இங்க வேல பாத்தேன். ஒரு விபத்துகூட நடந்ததில்ல."

ஆலை ஓடிய காலத்தில் புதன்தோறும் காலை பத்து மணிக்கு அபாயச் சங்கைச் சோதனைக்காக ஊதுவார்கள். ஒரு புதனன்று அதே நேரத்தில் நிஜமாகவே வாயு கசிந்தது. சோதனைதானே என்று யாரும் ஓடவில்லை. செத்த பதினொரு பேரில் தேவசகாயமும் ஒருவர்.

இன்று புதன். அவர் மனைவி சலோமி, கையால் சுற்றும் அபாயச் சங்கோடு பார்வையாளர்கள் நடுவே வந்து நின்றாள்.

"இங்க சத்தம் போடக்கூடாதும்மா," என்றான் காவலாளி.

"மொதல்ல அவர நிறுத்து. உயிரோட இருந்தப்ப ஒரு பொய் சொன்னதில்ல அந்த மனுஷன். செத்தப்புறம் சொல்ல வச்சிட்டீங்களே!"

பத்து மணிக்குச் சங்கைச் சுழற்றினாள்.

இந்த முறை எல்லோரும் ஓடினார்கள்.