காதுக்கு வைத்திருந்த துணி

மேட்னி விட்டாயிற்று. தியேட்டர் வாசலில் வெயில் கண்ணைக் கூச வைக்கிறது. பனியன் கம்பெனி வேனில் சாய்ந்துகொண்டு கட்டிங் மாஸ்டர் அங்கமுத்து சலித்துக்கொள்கிறார். “போர்ப் படம்னு போட்டுட்டு ஒரு குண்டு கூட வெடிக்கலீங்க. மலையக் காட்டறான், மேகத்தக் காட்டறான். அரை மணி நேரமா ஒரு சிப்பாய் பனியனத் தொவைச்சுக் காயப்போடறான்.” “அந்தப் பனியனோட தையலப் பாத்தீங்களா மாஸ்டர், நம்மூர்ச் சரக்குதானுங்க,” என்கிறாள் டெய்லர் சித்ரகலா, பாதிப் படம் தூங்கியவள். செக்கிங் பிரிவுத் தெய்வாத்தாள் கையை மூடியபடி நிற்கிறாள். துப்பாக்கிச் சத்தம் வந்தால் காதில் அடைத்துக்கொள்ள, வேஸ்ட் மூட்டையிலிருந்து எடுத்துவந்த இரண்டு துணித் துண்டுகள் அவள் உள்ளங்கையில் வியர்த்துச் சுருண்டிருக்கின்றன. இப்போதுதான் விரல்களை விரிக்கிறாள். காற்று படுகிறது. “உங்களுக்குப் புடிச்சுதுங்களாக்கா?” என்று மாஸ்டர் கேட்கிறார். “எம்பையன் பார்டர்ல இருக்கறானுங்களே. எப்பப் போன் பண்ணுனாலும் துணி தொவைச்சுட்டு இருக்கறேம்மான்னுதான் சொல்லுவான். நான் பயந்துக்குவேன்னு பொய் சொல்றான்னே நெனச்சிருந்தேனுங்க.” அந்தத் துண்டுகளாலேயே முகத்தைத் துடைத்துக்கொள்கிறாள். “நெசமாவே தொவைச்சிருக்கறானாட்ட இருக்குதுங்க.”