அம்மை வார்த்த புத்தகம்

புத்தகத்தைத் திறந்த பச்சையம்மா, சுட்டதுபோல் விரலை இழுத்துக்கொண்டாள்.

எழுத்து ஒன்றுகூட இல்லை. மை பட்ட அடையாளமே இல்லை. பழுப்புத் தாள் முழுக்கப் பொடிப்பொடியாகக் கொப்புளங்கள். புரட்டினால் அடுத்த பக்கத்திலும் அதேதான்.

புத்தகத்தைப் பட்டென்று மூடினாள்.

வேலூரில் பார்வையில்லாத பிள்ளைகளின் விடுதிப் பள்ளியில் படிக்கிற மகள் காந்தா, லீவுக்கு வரும்போது கொண்டுவந்தது அது. இத்தனை வருஷமும் வெறுங்கையோடு வந்தவள்தான். அவளுக்குக் கனம் தாங்காது என்று அப்பன் தீர்த்தகிரி அடிவாரத்து அமிர்தியிலிருந்து தலையில் சுமந்து மலையேறினான். இறக்கி வைத்த கையோடு மாட்டைப் பார்க்கப் போய்விட்டான். பிரித்துப் பார்த்திருந்தால் பாதி வழியிலேயே போட்டுவிட்டு ஓடியிருப்பான் மகராசன்.

அம்மை நாட்டைவிட்டே போய்விட்டது என்று போன வருஷம்தான் சர்க்கார் ஆட்கள் வந்து சொன்னார்கள். போனவள் தாளில் ஏறி வருவாள் என்று அவர்கள் மட்டும் என்னத்தைக் கண்டார்கள்!

பச்சையம்மா போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு மங்கம்மாள் முறத்தோடு ஓடிவந்தாள். ஆத்தா இறங்கிய வீட்டில் செய்கிற எல்லாம் நடந்தது. வாசலில் வேப்பிலை செருகினார்கள். அடுப்பில் தாளிப்பு நின்றது. புத்தகத்தை முறத்தில் வைத்து, மஞ்சள் தண்ணீர் தெளித்து, ஊர் எல்லையில் விட்டுவிடுவது என்று முடிவாயிற்று. வானம் வேறு இருட்டிக்கொண்டு நின்றது.

கால் கழுவிவிட்டு வந்த காந்தா விஷயம் புரிந்ததும் முறத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அந்தப் பள்ளியிலேயே கதைப் புத்தகம் இது ஒன்றுதானாம். கெஞ்சிக் கூத்தாடி வாங்கி வந்தாளாம். மழையில் நனைந்து போனால் இனி ஒரு புத்தகமும் அவள் கைக்கு வராதாம்.

"யம்மா, இது எழுத்துமா. தொட்டுத்தான் படிக்கணும். ஒரு பக்கம் கேளுமா."

விரல் தாளில் ஊர்ந்தது. வாய் பேசியது. படகு ஏறி மீன் பிடிக்கப் போன ஒருத்தியின் கதை. அலை வந்தது, உப்புக் காற்று வந்தது. கடலை ஒருநாளும் பார்த்திராத பச்சையம்மா வாயைப் பிளந்தாள்.

மங்கம்மாள் நம்பவில்லை. மனப்பாடமாக இருக்கும் என்றாள்.

பச்சையம்மாவுக்கும் சந்தேகம் தட்டியது. தானே பாதிப் புத்தகத்தைப் புரட்டித் தள்ளினாள். அதோடு விடாமல், கிடந்த கம்பளியை இழுத்து மகளின் கைகளோடு சேர்த்துப் புத்தகத்தை மூடிவிட்டாள்.

கம்பளிக்கு அடியில் விரல்கள் நகர்ந்தன. குரல் நிற்கவில்லை. கதையில் இப்போது புயல் ஓய்ந்து, படகில் போனவள் கரையேறிக்கொண்டிருந்தாள்.

பச்சையம்மாவுக்கு உடம்பு சிலிர்த்தது. பயமா பக்தியா என்று அவளுக்கே தெரியவில்லை.

எல்லைக்கு எப்போது புறப்படுவது என்று மங்கம்மாள் மெதுவாகக் கேட்டாள்.

பச்சையம்மா முறத்தில் கிடந்த வேப்பிலையை எடுத்துப் புத்தகத்தின் தலைமாட்டில் வைத்தாள்.

"எல்லைக்கு இன்னாத்துக்குக்கா? கைக்கொழந்தையில இவ கண்ண எத்துக்கினு போனாளே ஆத்தா, அவதான். திருப்பிக் குடுக்க வந்துகீறா."