டெஸ்ட் வெச்சே கொடுங்க

"டெஸ்ட் எதுவும் வேண்டாமாம் அத்தான். நம்ம ஊர் லைசன்ஸைக் கொடுத்துட்டு இவங்க லைசன்ஸை வாங்கிட்டுப் போகச் சொல்றாங்க!"

கவுண்டரில் இருந்த பெண் அதிகாரி சொன்னதை மைத்துனன் அவர் காதில் போட்டான். அவர் இந்த நாட்டில் குடியேறி ஒரு மாதம்கூட ஆகவில்லை. வேன் ஓட்டும் வேலைக்கு அவன்தான் சொல்லி வைத்திருந்தான். திங்கட்கிழமை லைசன்ஸோடு போய் நின்றால் வேலை; இல்லாவிட்டால் வேறு ஆள்.

"நெஜமாவா? ஓட்டிக் காட்டச் சொல்லலையா?"

"பதினெட்டு வருஷ லைசன்ஸாச்சே, அதுவே போதுமாம். வேக விதி மட்டும் கேக்கறாங்க."

அவர் கடகடவென்று ஒப்பித்தார். பள்ளிக்கூடம் பக்கம் முப்பது, ஊருக்குள் ஐம்பது, நெடுஞ்சாலையில் நூறு, மழை பெய்தால் எண்பது. அதிகாரி வியந்துபோய் மைத்துனனிடம் ஏதோ சொன்னார்.

"இங்கேயே பொறந்தவங்களுக்குக்கூட இவ்வளவு சுத்தமா தெரியாதாம்!"

அவருக்குப் பெருமையாக இல்லை, பிரமிப்பாக இருந்தது. காலையில் வரும் வழியிலேயே அது தொடங்கிவிட்டது. பள்ளி விடுமுறை, தெருவில் ஈ காக்கை இல்லை. ஆனாலும் முன்னால் போன கார் முப்பதுக்கு இறங்கியது. எதிரே வந்த லாரியும் இறங்கியது.

"போலீஸ் இல்ல, கேமரா இல்ல. யாருக்குடா பயப்படறாங்க?" என்று கேட்டார்.

"போர்டு வெச்சிருக்கே அத்தான்" என்றான் மைத்துனன் சாதாரணமாக.

இப்படியும் மனிதர்களா என்று வாயைப் பிளந்தவர்தான், இன்னும் மூடவில்லை. இப்போது இந்த அம்மா, முன்பின் தெரியாத ஓர் ஆளின் அட்டையை ஒரு தடவை புரட்டிப் பார்த்துவிட்டு அப்படியே நம்புகிறார்! லைசன்ஸை நீட்டிய கையை அவர் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"டெஸ்ட் வெச்சே கொடுக்கச் சொல்லு."

"விளையாடாதீங்க! டெஸ்டுக்குத் தேதி கிடைக்கவே மூணு மாசம் ஆகும். வேலை போயிடும்."

"போகட்டும். சொல்லு."

வேண்டாவெறுப்பாகச் சொன்னான். அதிகாரி எழுந்தேவிட்டார். கவுண்டருக்கு மேலே எட்டி அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"சும்மா கொடுக்கறதை வேண்டாம்னு சொன்ன முதல் மனுஷன் நீங்கதானாம்" என்றான் மைத்துனன் எரிச்சலோடு.

வெளியே வந்ததும் பொரிந்து தள்ளினான். "அக்காவுக்கு நான் என்ன பதில் சொல்றது? வந்த வேலையை நீங்களே கெடுத்துக்கிட்டீங்களே!"

"ஆள் இல்லாத ரோட்டுலகூட ஏமாத்தாதவங்கடா இவங்க. இவங்களை எப்படி ஏமாத்தறது? இது டெஸ்டுக்கே போகாம வாங்கின லைசன்ஸ். நீ வேலை சொன்னப்போ வாய்விட்டுச் சொல்ல வெக்கமா இருந்தது. ஸ்டியரிங்கை நான் இதுவரைக்கும் தொட்டதுகூட இல்ல."

மைத்துனன் கார்க் கதவைப் பிடித்தபடி அப்படியே நின்றான்.

"என்ன அத்தான் சொல்றீங்க? எனக்கு மட்டுமா, நம்ம ஊர்ல பாதிப் பேருக்கு லைசன்ஸ் வாங்கிக் கொடுத்ததே உங்க டிரைவிங் ஸ்கூல்தானே!"