ஏழாவது கேசரி

போட்டோ ஸ்டுடியோ டிசைனர் ஜெசிந்தாவுக்கு அது அந்த மாதத்தின் ஏழாவது கேசரி. வரன் படத்தில் கை வைத்தவர், பெண் பார்க்கும் நாளில் நேரில் வந்து, மாற்றியதையெல்லாம் எல்லார் முன்னாலும் சொல்லிக் கையெழுத்துப் போட வேண்டும் என்பது சட்டம். மறைத்தால் உரிமம் போய்விடும்.

மாப்பிள்ளை ஆறுமுகநயினார் தரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ஜெசிந்தா தட்டைக் கீழே வைத்தாள். "முன்னந்தலை முடி நான் வச்சது. தொப்பையைக் கரைச்சதும் நான்தான். பின்னால நிக்கிற கார்கூட அவரோடது இல்ல."

"போதும்மா, கேசரியச் சாப்பிடு" என்றாள் மாப்பிள்ளையின் அம்மா.

மணப்பெண் உமையாள் படத்தையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தாள். "இந்தச் சிரிப்பு?"

"அதை நான் தொடவே இல்ல. படம் எடுக்கும்போது என் ஸ்டூல் உடைஞ்சு கீழ விழுந்தேன். அதப் பாத்துச் சிரிச்சாரு."

"அப்ப இன்னொரு தடவை விழுந்து காட்டுங்கக்கா, நான் பாக்கணும்."

ஜெசிந்தா திகைத்து விழிக்க, ஆறுமுகநயினாருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அப்படியே படத்தில் இருந்த அதே சிரிப்பு.

உமையாள் படத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு, கேசரித் தட்டை அவன் பக்கம் நகர்த்தினாள்.