பீப்போவின் தடி

பார்மா சந்தைத் திடலில் வெயில் கொளுத்துகிறது. பொம்மலாட்டக் கூண்டின் சிவப்புத் துணிக்குள் நின்று, இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கி ஆட்டிக்கொண்டிருக்கிறான் எஜிஸ்தோ. வலக்கையில் தடியேந்திய குடியானவப் பொம்மை பீப்போ, இடக்கையில் கறுப்புச் சட்டைத் தளபதி. "இத்தாலித் தாயே! உனக்காக உயிரையே குடுப்பேன்!" என்று தளபதி நெஞ்சில் அடித்துக்கொள்கிறான். சட்டைக்குள் ஒளித்து வைத்த திருட்டுக் கோழி கொக்கரிக்கிறது. கூட்டம் வயிறு குலுங்கச் சிரிக்கிறது. "பின்னாடி! பின்னாடி பாரு!" என்று குழந்தைகள் அலறுகிறார்கள். பீப்போவைத்தான் எச்சரிக்கிறார்கள், எல்லா ஊரிலும் கத்துகிற கத்தல்தானே என்று எஜிஸ்தோ உள்ளுக்குள் பூரித்துப்போகிறான்.

முதல் அடி அவன் முதுகில் விழுகிறது. துணி கிழிகிறது, சட்டம் முறிகிறது. கறுப்புச் சட்டை போட்ட நிஜப் பாசிஸ்டுகள் ஏழெட்டுப் பேர், நிஜத் தடிகள். கீழே விழுந்தவனின் இடக்கையை, மாட்டியிருக்கும் தளபதிப் பொம்மையோடு சேர்த்து, மருந்துக்கடைக்காரர் மகன் அட்டிலியோ பூட்ஸ் காலால் நசுக்குகிறான். விரல் எலும்பு நொறுங்குகிற சத்தத்தில் திடலே உறைகிறது. "இப்ப ஆட்டுடா, கூத்தாடிப் பயலே!" என்று அவன் குனிந்து உறுமுகிறான்.

எஜிஸ்தோவின் வாயெல்லாம் ரத்தம். வலக்கை மட்டும் மெல்ல எழுகிறது. அட்டிலியோவின் உச்சந்தலையில் பீப்போ தன் சின்னத் தடியால் டொக்கென்று ஒன்று வைக்கிறான். "மொதல்ல கோழியக் குடுங்க, தளபதி."

யாரோ களுக்கென்று சிரித்துவிடுகிறார்கள். தடியை ஓங்கிக்கொண்டு அட்டிலியோ கூட்டத்தை முறைக்கிறான். பெரியவர்கள் தலையைக் குனிந்துகொள்கிறார்கள். குழந்தைகள்தான் விரலை நீட்டிக் கத்துகிறார்கள்: "பின்னாடி! பின்னாடி பாரு!"

திரும்புகிறான். அவனுடைய ஆள்தான், கறுப்புச் சட்டை. உதட்டைக் கடித்துக்கொண்டு நிற்கிறான். சிரிப்பை அடக்க முடியாமல் தோள் குலுங்குகிறது.