இருபத்துமூன்று நிமிடப் பாட்டு

“இதைப் படிச்சுப் பாருங்கம்மா” என்று கிட்டார்காரர் தன் போனை மேஜைமேல் நகர்த்தினார். இசைக் கம்பெனியின் தயாரிப்பாளர், சின்ன வயசுப் பெண், மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, இணையத்தில் அவருடைய பழைய பாட்டுக்குக் கீழே ஒரு ரசிகர் எழுதியிருந்ததை வாசித்தாள்.

‘இந்தப் பாட்டு எனக்கு தினமும் முழுசா வேணும். தயவுசெஞ்சு யாரும் இதுல கை வெச்சுடாதீங்க. ஒரு நிமிஷம் குறைஞ்சாலும் என் பிழைப்பே கெட்டுடும்.’

“யாரோ ஒருத்தர் எழுதினதை வெச்சு என்ன சார் பண்றது?” என்றாள் அவள். “வாயைத் திறந்து பாட ஆரம்பிக்கவே ஏழு நிமிஷம் ஆகுது. இப்ப கேக்குறவங்க ஏழு நொடியில அடுத்த பாட்டுக்குத் தாவிடுறாங்க. மூணு நிமிஷமாச் சுருக்கிப் புதுசா வாசிச்சுக் கொடுங்க, அடுத்த மாசமே வெளியிடறேன்.”

பக்கத்தில் இருந்த டிரம்மர் கிட்டார்காரரின் முழங்கையைப் பிடித்தார். முப்பது வருஷக் கூட்டாளி. நாலு பேர் இருந்த அந்த ராக் குழுவில் மிஞ்சியது இவர்கள் இருவர்தான்.

“ஒத்துக்கடா. என் கை நடுங்குறது உனக்குத் தெரியும். இன்னும் ஆறு மாசத்துல குச்சியே பிடிக்க முடியாதுன்னு டாக்டர் சொல்லிட்டார். கடைசியா ஒரு தடவை நாலு பேர் காதுல விழட்டுமேடா.”

கிட்டார்காரருக்கு அந்தப் பாட்டைக் கட்டி முடிக்க இரண்டு வருஷம் ஆகியிருந்தது. தவழ்ந்து தொடங்கும், ஏழு தட்டுத் தாளத்தில் மூச்சிரைக்க ஏறும், ஆர்கன் தனியே அழுது ஓய்ந்தபின் எல்லா வாத்தியமும் ஒன்றாக வந்து விழும். இதில் எதை வெட்டுவது?

“முழுசாக் கேக்க ஒரு ஜீவன் இருக்குடா. அதுக்குத் துரோகம் பண்ண என்னால முடியாது.”

டிரம்மர் எழுந்து போனவர்தான், அப்புறம் போனைக்கூட எடுக்கவில்லை. கம்பெனி வேறொரு குழுவைப் பிடித்துக்கொண்டது.

இரண்டு வாரம் வீட்டுக்குள்ளேயே கிடந்தார் கிட்டார்காரர். பிறகு மனசு கேட்காமல் அந்த ரசிகருக்கு எழுதினார். ‘எப்ப வேணா வாங்க சார், செவ்வாய்க்கிழமை மட்டும் லீவு’ என்ற பதிலோடு முகவரியும் வந்தது.

மிச்சமிருந்த ஒரே இசைத்தட்டில் கையெழுத்துப் போட்டு எடுத்துக்கொண்டு போனார். மாடிப்படி ஏறினால் கண்ணாடிக் கதவு, உள்ளே பெண்களுக்கான அழகு நிலையம். தயங்கித் தயங்கித்தான் கதவைத் தள்ளினார்.

முடி உலர்த்தும் மெஷினின் இரைச்சலுக்கு அடியில், அலமாரியில் இருந்த போனிலிருந்து அவருடைய பாட்டு கசிந்துகொண்டிருந்தது. ஏழு தட்டு இடம்! அவர் வாசலிலேயே நின்றுவிட்டார். நாற்காலியில் ஒரு அம்மாள், தலையில் பிளாஸ்டிக் உறையோடு கண்மூடிச் சாய்ந்திருந்தாள்.

அவசர அவசரமாக டிரம்மருக்குப் போன் போட்டார். இதை அவன் கேட்க வேண்டும், இந்த ஒரு தடவையாவது கேட்டுவிட வேண்டும். மணி அடித்து அடித்து ஓய்ந்தது.

பாட்டு முடிந்தது. கையுறை போட்டிருந்த கடைக்காரப் பெண் திரும்பினாள். அவர் இசைத்தட்டை நீட்டித் தான் யாரென்று சொன்னதும், “ஐயோ, நீங்களா சார்!” என்று பூரித்துப்போனாள். “உங்களுக்குக் கோயிலே கட்டணும்!”

அவருக்குக் கண் நிறைந்துவிட்டது. “இதுல எந்த இடம்மா உங்களுக்கு ரொம்பப் பிடிக்கும்?”

“முடியுற இடம்தான் சார்” என்றபடி குழாயைத் திறந்தாள் அவள். “அப்பவே சாயத்தைக் கழுவிடணும், முந்தினா பிடிக்காது, பிந்தினா தலை வெந்துடும்!”