நாற்பத்தொன்றாவது பக்கம்

ஆபீஸ் ஸ்கேனர் படுத்து ஏழு மாதம் ஆகிறது. போனிலேயே சமாளியுங்கள் என்றார் மேலாளர். ஒரு ஆப் போட்டுக்கொண்டேன். தாளைப் படம் எடுத்தால் நிழலை நீக்கும், பக்கங்களை எண்ணும். தாளை அழுத்திப் பிடிக்கும் என் கட்டைவிரல் படத்தில் விழுந்தால், "விரலை நீக்கவா?" என்று கேட்கும். ஆமாம் என்று தட்டினால் விரல் போய்விடும். அடியில் இருந்த எழுத்தை எப்படித்தான் கண்டுபிடிக்குமோ, அதுவும் வந்துவிடும்.

இன்று நாற்பது தாள். கண் எரிய எரிய எண்ணித்தான் எடுத்தேன். ஆப் நாற்பத்தொன்று என்றது.

கடைசிப் பக்கம் ஒரு லீவு லெட்டர். என் கையெழுத்து, நாளைய தேதி. நான் எழுதவில்லை.

பக்கத்து சீட்டு அக்காவிடம் போனை நீட்டினேன்.

"அசதியில நீயே எழுதியிருப்ப. எழுதி என்ன, அந்த மனுஷன் குடுத்துட்டுத்தான் மறுவேலை பார்ப்பாரு."

போன மாதம் காய்ச்சலோடு போய் நின்றபோது, "உட்கார்ந்து பார்க்கிற வேலைதானே" என்றவர் மேலாளர்.

அக்கா படத்தை மேலே தள்ளினார். அடியில் மேலாளர் கையெழுத்துப் போட்டிருந்தார். பக்கத்தில், "எத்தனை நாள் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள்" என்று எழுதியிருந்தார். அக்கா போனை மெதுவாகத் திருப்பிக் கொடுத்தார். அதற்குப் பிறகு அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

எதற்காக லீவு என்று எழுதியிருந்த வரியின் மேல் என் கட்டைவிரல் விழுந்திருந்தது.

வீட்டில் அம்மா, வீட்டுக்காரர், மகள் என்று எனக்கு மூன்று பேர்.

"விரலை நீக்கவா?" என்று ஆப் கேட்டது.